உதவி: எல்இடி போட்டும் தக்காளி, மிளகாய் நாற்று நூல் மாதிரி நீளுது

குழித்தட்டு22
அவசரம். தக்காளி, மிளகாய் நாற்று எல்லாம் நூல் மாதிரி நீண்டு ஒண்ணுமேல ஒண்ணு சாயுது. முளைச்சு 9 நாள்தான் ஆகுது. 1000 வாட் எல்இடி பேனல் போட்டிருக்கேன், அதனால வெளிச்சம் பத்தலைன்னு மட்டும் சொல்லாதீங்க. என்ன உரம் கொடுத்தா தண்டு தடிக்கும்? படம் இணைச்சிருக்கேன்.

வாட்மீட்டர்
உரம் எதுவும் கொடுக்காதீங்க. வெளிச்சம் பத்தாத நாற்றுக்கு நைட்ரஜன் போட்டா இன்னும் வேகமா நீளும்.

இதுக்கெல்லாம் பதில் வேணும்:
பேனல் உண்மையில எத்தனை வாட் இழுக்குது? விளக்குக்கு மின்சாரத்தை மாத்திக் கொடுக்கற டிரைவர்மேல ஒட்டியிருக்கற சீட்டைப் பாருங்க, பெட்டியைப் பார்க்காதீங்க. எவ்வளவு உயரத்துல தொங்குது? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரியுது? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற டிம்மர் குமிழ் இருக்கா, இருந்தா எதுல நிக்குது? அறைச்சூடு எவ்வளவு?

நீலக்கதிர்
நீல ஒளி பத்தலை ப்ரோ. வேற ஒண்ணுமில்ல. நீலம் குறைஞ்சா தண்டு நீளும், இது அடிப்படை. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கா இருந்தா தூக்கிப் போட்டுட்டு 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை போடுங்க. இல்லைன்னா சிவப்பு-நீலம் கலந்த ஊதா பேனல்.

ஒளியியல்_ஆசான்
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது என்று தெரியவில்லை. ‘1000 வாட்’ என்பது விற்பவன் வைத்த பெயர், அளவு அல்ல. பழைய சோடியம் விளக்குக்கு ஈடு என்று சொல்லிக்கொள்ளும் எண் அது. செடிக்கு வாட் தெரியாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பதுதான் தெரியும். அதற்குப் பிபிஎஃப்டி என்று பெயர். முதலில் அதைப் படித்துவிட்டு வரவும்.

குழித்தட்டு22
டிரைவர்ல 100 வாட்னு போட்டிருக்கு!! ஏமாத்திட்டாங்க. உயரம் சீலிங்ல இருந்து 2 அடி. காலையில எழுந்ததும் போடுவேன், படுக்கும்போது அணைப்பேன்.

வாட்மீட்டர்
100 வாட் நல்ல பேனல்தான், ஒரு நாற்றுத் தட்டுக்குத் தாராளம். கவலை வேண்டாம்.

சீலிங் கணக்கு செடிக்கு உதவாது. விளக்கோட அடிப்பக்கத்துல இருந்து நாற்றோட நுனி வரைக்கும் ஸ்கேல் வச்சு அளந்து சொல்லுங்க. டிம்மருக்கு இன்னும் பதில் வரலை.

கொத்துமண்
24 மணி நேரமும் எரிய விடுங்க, ரெண்டே நாள்ல தண்டு நிமிர்ந்துடும். டிம்மர் இல்லைன்னா ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணை வயர்ல சேர்த்துக்கலாம், ஈசி.

வாட்மீட்டர்
கொத்துமண் சொன்ன ரெண்டையும் செய்யாதீங்க.

தக்காளிக்கு இருட்டு வேணும். விடாம வெளிச்சத்துலயே வச்சா இலை நரம்புகளுக்கு நடுவுல மஞ்சள் திட்டு விழும். 16 மணி நேரம் போதும். ஃபேன் ரெகுலேட்டர், சுவர் டிம்மர் இதெல்லாம் மின்விநியோக அலையை வெட்டறது. எல்இடி டிரைவர் அதுக்கானது இல்ல. விளக்கு மினுக்கும், டிரைவர் சூடேறிக் கருகும். டிரைவர்ல ‘டிம்’னு போட்டு ரெண்டு மெல்லிய வயர் வெளியே வந்தா, அது 0–10 வோல்ட் கட்டுப்பாட்டு வயர். குமிழ் அங்கதான் மாட்டணும், மெயின்ஸ்ல இல்ல.

கொத்துமண்
சரிண்ணே, சும்மா சொன்னேன்.

குழித்தட்டு22
அளந்தேன், 70 செ.மீ. குமிழ் 25-ல நிக்குது. சின்னச் செடிக்குக் குறைவா வைக்கணும்னு காகிதத்துல போட்டிருந்தது. போன்ல வெளிச்சம் அளக்கற லக்ஸ் ஆப் போட்டுப் பார்த்தேன், 5200 காட்டுது. அது போதும்தானே? அறை 27 டிகிரி.

வாட்மீட்டர்
போன்ல முன்பக்க கேமராவுக்குப் பக்கத்துல இருக்கற சென்சார் மேல் நோக்கி இருந்ததா? போனை இலை மட்டத்துல படுக்க வச்சு, உங்க தலை நிழல் விழாம, நடுவுல ஒரு தடவையும் நாலு மூலையிலயும் ஒவ்வொரு தடவையும் பார்க்கணும். பேனல்ல என்ன நிறச் சில்லு இருக்கு?

குழித்தட்டு22
5200 நடுவுல, மேல் நோக்கித்தான். மூலையில 3600. எல்லாம் வெள்ளை, அங்கங்க சிவப்பு. நீலம் தனியா இல்ல.

நீலக்கதிர்
பார்த்தீங்களா, நீலம் இல்ல!

ஒளியியல்_ஆசான்
வெள்ளை எல்இடியே நீலச் சில்லுதான். அதன்மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பூசியிருக்கிறது. நீலத்தின் ஒரு பகுதி மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுகிறது, மீதி அப்படியே வெளியே வருகிறது. நீலம் இல்லாத சாதாரண வெள்ளை எல்இடி கிடையாது.

லக்ஸ் கணக்கும் வேண்டாம். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. பிபிஎஃப்டியை அளக்கும் குவாண்டம் மீட்டர் இல்லாமல் பேசுவது வீண்.

வாட்மீட்டர்
முதல் பத்தி சரி. ரெண்டாவதுல மாறுபடறேன்.

வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 65லிருந்து 70க்குள்ள ஒரு எண்ணால வகுத்தா பிபிஎஃப்டிக்குக் கிட்ட வரும். வெயிலுக்கு 54. ஊதா பேனலுக்கு மட்டும் இந்த வழி செல்லாது, ஏன்னா லக்ஸ் 555 நானோமீட்டர் பச்சையைத்தான் பெரிசா எண்ணும், சிவப்பையும் நீலத்தையும் கண்டுக்காது. உங்க பேனல்ல கொஞ்சம் சிவப்பு இருக்கறதால உண்மை அளவு கணக்கைவிடச் சற்றுக் கூடுதலா இருக்கும். நாற்றுக்கு இந்தத் துல்லியம் போதும்.

5200-ஐ 67ஆல வகுத்தா 78. 14 மணி நேரம்னு வச்சுக்கலாம். 78 × 14 × 0.0036 (மணிக்கு 3600 விநாடி, பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்) = ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3.9 மோல் ஒளி. தக்காளி, மிளகாய் நாற்றுக்கு 10 முதல் 14 மோல் வேணும். மூணுல ஒரு பங்கு சாப்பாடு போட்டு 27 டிகிரில வச்சிருக்கீங்க. சூடு வளரச் சொல்லுது, வெளிச்சம் இல்ல, அதான் எட்டிப் பார்க்குது. மூலையில நிக்கறது இன்னும் மோசமா இருக்கணுமே?

குழித்தட்டு22
ஆமா!! மூலையில இருக்கறதெல்லாம் நடுவைப் பார்த்துச் சாயுது.

நீலக்கதிர்
ஊதா பேனலா இருந்தா இதே 25 வாட்டுக்கு ரெண்டு மடங்கு பலன். பச்சை ஒளி செடிக்கு வேஸ்ட். பச்சையைத் திருப்பி அனுப்புறதாலதானே இலை பச்சையா தெரியுது? பச்சையத்தோட வரைபடத்தைப் பாருங்க, நீலத்துல ஒரு மேடு, சிவப்புல ஒரு மேடு, நடுவுல பள்ளம்.

ஒளியியல்_ஆசான்
அந்த வரைபடம் இலையை அரைத்துப் பச்சையத்தைக் கரைசலில் பிரித்தெடுத்து அளந்தது. முழு இலை வேறு. இலைக்குள் ஒளி சிதறித் திரிந்து மோதுவதால் பச்சையிலும் பெரும்பகுதி உறிஞ்சப்படுகிறது. திரும்பி வருவது கொஞ்சம்தான், அதுவே நம் கண்ணுக்குப் போதுமானதாக இருக்கிறது. 1972-ல் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலையில் நேரடியாக அளந்து காட்டிவிட்டார். ஐம்பது வருடம் கழித்தும் அதே பள்ளத்தில் விழுகிறீர்கள்.

நீலக்கதிர்
அப்ப நீலம் தண்டைக் குட்டையாக்காதா? அதையும் மெக்ரீ மறுத்துட்டாரா?

ஒளியியல்_ஆசான்
நீலம் தண்டு நீட்சியைக் குறைக்கும், மறுக்கவில்லை. அது வடிவம் பற்றிய விஷயம். நான் பேசுவது ஒளிச்சேர்க்கை. இரண்டையும் குழப்புவது நீங்கள்.

நீலக்கதிர்
கேட்டவர் கேட்டதே வடிவத்தைப் பத்தித்தானே சார்! தண்டு நீளுதுன்னுதானே வந்தார்?

வாட்மீட்டர்
நீலக்கதிர் கேக்கறது நியாயம். ஆனா 78 மைக்ரோமோல்ல எந்த நிறம் போட்டாலும் நாற்று நீளத்தான் செய்யும். முதல்ல அளவு, அப்புறம் நிறம். 730 நானோமீட்டர் தொலைச்சிவப்புச் சில்லு, அதுக்குத் தனி சுவிட்ச் இருந்தா மட்டும் அணைச்சு வைக்கலாம். அது எரிஞ்சா, பக்கத்துல வேற செடி நிழல் போடுதுன்னு நினைச்சு நாற்று நீளும்.

இலைத்துளை
குறுக்கிடறேன், மன்னிக்கணும். முதல் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். நாற்றுக்கு மேல வரிசையா வெள்ளைப் புள்ளி மின்னுது. கேமராக் கண்ணாடில தூசியா, இல்ல தட்டுமேல பிளாஸ்டிக் மூடி இருக்கா?

குழித்தட்டு22
மூடிதான். நாற்றுத் தட்டுன்னா மூடி இருக்கும்தானே? ஈரம் காயாம இருக்கணும்ல. அடியில சூடேத்தற விரிப்பு, ஹீட் மேட்டும் இருக்கு, அதோட சேர்த்துத்தான் வந்தது.

வாட்மீட்டர்
அடடா. இதைத்தான் முதல்லயே கேட்டிருக்கணும்.

இலைத்துளை
மூடியும் மேட்டும் முளைக்கறதுக்குத்தான். முக்கால்வாசி விதை தலைகாட்டினதுமே ரெண்டுக்கும் வேலை முடிஞ்சது. அறை 27-ன்னா மூடிக்குள்ள 30-ஐத் தாண்டியிருக்கும். ராத்திரியிலும் மேட் சூடு ஏத்துது, அப்ப வெளிச்சமே இல்ல. போதாததுக்கு நீர்த்துளி படிஞ்ச பிளாஸ்டிக் வெளிச்சத்தையும் தின்னுது. 5200 அளந்தது மூடிக்கு மேலயா, உள்ளயா?

குழித்தட்டு22
மேல.

இலைத்துளை
அப்ப உள்ள 78 கூட இல்ல.

மேட்டை இப்பவே அணைங்க. மூடியை ஒரேயடியா எடுக்காதீங்க. ஈரக்காத்துலயே விரிஞ்ச இலைக்கு மேல்தோல் மெலிசு, இலைத்துளையும் சட்டுனு மூடாது, திறந்த அரைமணில துவண்டுடும். இன்னிக்கு ஒரு பென்சிலை ஓரத்துல செருகி இடைவெளி விடுங்க. நாளைக்குப் பாதி திறந்து வைங்க. மூணாம் நாள் எடுத்துடுங்க. அப்புறம் சின்ன ஃபேன், நேரா அடிக்காம, இலை லேசா ஆடற அளவுக்கு. ஆடற தண்டுதான் தடிக்கும். மேல்மண்ணும் காயும், நாற்றழுகல் வராது.

வாட்மீட்டர்
விளக்குக்கும் அதே மாதிரிதான், படிப்படியா:

இன்னிக்கும் நாளைக்கும் 70 செ.மீ. உயரத்துலயே வச்சு, குமிழை இலை மட்டத்துல 8000 லக்ஸ் வர்ற வரைக்கும் ஏத்துங்க. மூணாம் நாள் 11,000. அஞ்சாறு நாள்ல 15,000. அது கிட்டத்தட்ட 220 மைக்ரோமோல், 16 மணி நேரத்துக்கு 12.7 மோல். அதுக்கு மேல இப்போதைக்கு வேண்டாம்.

இறக்கறதா, குமிழைக் கூட்டறதான்னு கேப்பீங்க. இறக்கினா அதே மின்சாரத்துல கூடுதல் வெளிச்சம், ஆனா நடுவுக்கும் மூலைக்கும் வித்தியாசம் பெருகும். உங்க மூலை இப்பவே 3600, நடுவுல 70 சதவீதம்தான். அதனால முதல்ல குமிழ். பத்தலைன்னா 45 செ.மீ. வரை இறக்குங்க, அதுக்குக் கீழ வேண்டாம். தட்டைச் சுத்தி நாலு பக்கமும் வெள்ளை அட்டை நிறுத்தினா மூலை தேறும். ரெண்டு நாளைக்கு ஒருமுறை தட்டைத் திருப்பி வைங்க. ஒரு டைமரும் போட்டுடுங்க. எழுந்ததும் படுக்கறதும் செடிக்கு மணிக்கணக்கு ஆகாது.

குழித்தட்டு22
அய்யோ. இதைப் படிக்கறதுக்கு முன்னாடியே மூடியைத் தூக்கிட்டு, குமிழை 100 ஆக்கி 25 செ.மீ.க்கு இறக்கிட்டேன். மத்தியானத்துல இருந்து எல்லாம் படுத்துக் கிடக்கு. சில இலை வெளுத்திருக்கு. போன் 61,000 காட்டுது.

ஒளியியல்_ஆசான்
910 மைக்ரோமோல். காலையில் இருந்ததைவிடப் பன்னிரண்டு மடங்கு. படித்துவிட்டு வரவும் என்று அதனால்தான் சொன்னேன்.

இலைத்துளை
சார், அப்புறம் திட்டலாம்.

குழித்தட்டு: பேனலைப் பழைய 70 செ.மீ.க்குத் தூக்குங்க, குமிழ் 25. மூடியைப் பாதி மூடுங்க. தட்டுக்கு அடியில தண்ணி விடுங்க, மேல தெளிக்காதீங்க. ராத்திரி முழுக்க இருட்டுல விடுங்க. காலையில நிமிர்ந்தா அது வெறும் துவளல், பொழைச்சுக்கும். வெளுத்த திட்டு திரும்பப் பச்சை ஆகாது. அதைப் பார்த்து மனசை விடாதீங்க, புதுசா வர்ற இலை பச்சையா வருதான்னு மட்டும் பாருங்க. தண்டு மண்மட்டத்துல கறுத்து நூலா இறுகியிருந்தா அது அழுகல், அந்த நாற்றை மண்ணோட எடுத்துடணும்.

கொத்துமண்
நீண்டுபோன தண்டை ஆழமா நட்டா சரியாயிடுமே?

இலைத்துளை
தக்காளியை நடலாம். முதல் நிஜ இலை விரிஞ்சதும் வித்திலைக்குக் கீழ வரைக்கும் புதைச்சா, புதைஞ்ச தண்டு முழுக்க வேர் விடும். மிளகாய்த் தண்டு அப்படித் தாராளமா வேர் விடாது. ஒரு விரல் ஆழம் கூடுதலா நட்டு, பக்கத்துல குச்சி வைங்க.

நீலக்கதிர்
மிளகாயும் வேர் விடும். தண்டு நனைஞ்சே இருந்தா விடும்.

இலைத்துளை
நனைஞ்சே இருந்தா அழுகவும் செய்யும்.

நீலக்கதிர்
மண்ணுல பாதி பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்) கலந்தா அழுகாது. தனி இழை போடறேன், அங்க வாங்க.

வாட்மீட்டர்
குழித்தட்டு, காலையில நிமிர்ந்துச்சா?

வாட்மீட்டர்
நாலு நாள் ஆச்சு. ஆள் இருக்கீங்களா?

குழித்தட்டு22
மன்னிக்கணும், வேலை. தக்காளி எல்லாம் தேறிடுச்சு, புதைச்சு நட்டாச்சு. மிளகாய்ல 4 போச்சு. இப்ப 45 செ.மீ., 13,500 லக்ஸ். புது இலை பச்சையா வருது. எல்லாருக்கும் நன்றி.

இலைத்துளை
ஹீட் மேட் அணைச்சாச்சா?