உறைபனியில் தேனீப் பெட்டி: தேன் அறையைக் கழற்றலாமா?

கேள்வி (மன்னவனூரிலிருந்து)

வணக்கம். என்னிடம் நான்கு நியூட்டன் வகைத் தேனீப் பெட்டிகள், எல்லாம் நம்ம நாட்டு அடுக்குத் தேனீதான். பத்து நாளாக விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளை. வெயில் ஏறிய பிறகுதான் ஈ வெளியே வருகிறது. நேற்று ஒரு பெட்டியைத் திறந்தால், மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். கீழே புழு வளரும் அறையில், அடை கட்டும் ஏழு மரச்சட்டத்தில் நான்கில்தான் ஈ இருக்கிறது. அதற்கு மேலே உள்ள தேன் அறை காலி. போன மார்கழியில் இப்படியே விட்டு ஒரு குடும்பம் பெட்டியை விட்டுப் போய்விட்டது. இந்த முறை இழக்க மனமில்லை. சாக்கு சுற்றலாமா?

பதில் 1 (கோத்தகிரி)

தம்பி, தேன் அறையை உடனே எடுங்கள். ஈயின் புழு வளர 34, 35 டிகிரி சூடு வேண்டும். நாலு சட்டத்து ஈ, தலைக்கு மேல் ஒரு காலி அறையையும் சேர்த்து எப்படிச் சூடாக்கும்? ஈ மூடாத அடைகளையும் எடுத்துவிடுங்கள், அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சி அங்கேதான் முட்டையிடும்.

சாக்கு சுற்றலாம், ஆனால் பனியில் நனையாமல் மேலே தகரம் வேண்டும். குளிரைவிட ஈரம்தான் எனக்குப் பயம். வாசலையும் மூடியின் காற்றுத் துளையையும் அடைக்காதீர்கள். நீர் வழிந்து வெளியேற, பெட்டியை வாசல் பக்கம் விரலளவு சாய்த்து வையுங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து, ஆறியபின், பொழுது சாயும்போது உள்ளே வையுங்கள். வெளியே சிந்தினால் பக்கத்துப் பெட்டி ஈ கொள்ளைக்கு வந்துவிடும்.

ஒன்று மறக்க வேண்டாம். பலமான பெட்டியிலிருந்து புழு அடை மாற்றும் எண்ணம் இருந்தால், முதலில் புழுவைப் பாருங்கள். தலை தூக்கி, பை மாதிரி நீர் கோத்துச் செத்துக் கிடந்தால் எதையும் மாற்றாதீர்கள். 1991, 92-இல் அந்த நோயில்தான் என் அப்பாவின் பெட்டிகள் அத்தனையும் காலியாயின.

பதில் 2 (தாண்டிக்குடி)

அண்ணா சொன்னது சரி. எடுத்த அடைகளை மட்டும் சும்மா கட்டி வைக்காதீங்க தம்பி. நான் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன். மாசியில் பிரித்தால் ஒரே வலையும் மெழுகுப்பூச்சிப் புழுவும். இப்போது பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு நாள் வைக்கிறேன். அதன் முட்டைகூடச் செத்துவிடும். வெளியே எடுத்து ஈரம் காயும்வரை பையைப் பிரிப்பதில்லை. கோடை மழைக்குக் காபி பூக்கும்போது, ஏற்கெனவே கட்டிய அடை கையில் இருந்தால் ஈக்கு எவ்வளவு வேலை மிச்சம்!

கேட்டவர்

நன்றி அண்ணா, அக்கா. இன்று உச்சி வெயிலில் தேன் அறைகளைக் கழற்றிவிட்டேன். செத்த புழு எதுவும் இல்லை. அந்த நாலு சட்டப் பெட்டியில் இராணி இருக்கிறது, புது முட்டையும் பார்த்தேன். சாயங்காலம் பாகு வைக்கிறேன்.