அரசுப் பள்ளி: கற்றல் குறைபாட்டுக்குத் தேர்வுச் சலுகை வாங்குவது எப்படி?

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு. டிஸ்லெக்சியா (வாசிக்க, எழுதச் சிரமப்படும் கற்றல் குறைபாடு) என்கிறார் டாக்டர். பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைக்கு இப்போதே என்ன செய்யணும்?

பதில் 1: தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, வட்டார வள மையச் சிறப்பாசிரியரைப் பாருங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தனியார் டாக்டர் சீட்டை மட்டும் நம்பாதீங்க. அரசு மருத்துவக் குழுவின் சான்று வேணும், யுடிஐடி அட்டைக்கும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) சேர்த்தே விண்ணப்பிச்சிடுங்க.

பதில் 2: பல பேருக்கு இழுபறி ஆவது பெயர், பிறந்த தேதியில்தான். ஆதார், எமிஸ் (பள்ளியின் மாணவர் விவரப் பதிவு), மருத்துவச் சான்று மூன்றிலும் எழுத்து மாறாம இருக்கணும். சலுகை தானா வராது. பள்ளி வழியாத் தேர்வுத்துறைக்குப் போகணும். சொல்வதை எழுதுபவர், கூடுதல் 1 மணி நேரம், மொழிப்பாட விலக்கு: எது வேணுமோ அதைக் குறிப்பிட்டுக் கேளுங்க.

பதில் 3: எழுதுபவரோட முன்னாடியே பழக்கணும். வாயால் விடை சொல்றது தனிப் பயிற்சி.