கூவாகத்தில் அழுகையை மட்டுமா படமெடுக்க வேண்டும்?

நிழற்பெட்டி:
திருநங்கையர் கூத்தாண்டவர் சாமிக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவர் இறந்ததாகத் துக்கம் காக்கும் சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு ஆண்டுகள் கூவாகம் சென்று வந்தேன். படங்களைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. முந்நூறு படங்களில் பெரும்பாலானவை, தேர் முடிந்தபின் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவையில் ஒப்பாரி வைக்கும் காட்சிகள். சிரித்த முகங்கள் பதினொன்று. தமிழ்நாட்டில் திருநங்கையர் நாளாகக் கொண்டாடப்படும் ஏப்ரல் 15-க்கு எங்கள் ஊர் நூலகத்தில் சிறிய கண்காட்சி வைக்க எண்ணுகிறேன். மகிழ்ச்சியைப் போலியாக இல்லாமல் படமெடுப்பது எப்படி?

விழுப்புரம் அக்கா:
தம்பி, நீங்கள் ஒரு நாள் தாமதமாக வருகிறீர்கள். தாலி கட்டிக்கொள்ளும் நாளின் மாலையில் விழுப்புரத்து விடுதி அறைகளுக்கு வந்து பாருங்கள். வாயில் நான்கு ஹேர்பின்களைக் கவ்விக்கொண்டு, மகளாகத் தத்தெடுத்தவளுக்குச் சவுரி வைத்துப் பின்னிவிடும் தாயையும், ஒரே கண்ணாடிக்காக ஆறு பேர் போடும் சண்டையையும் அங்கேதான் காண்பீர்கள். ஆனால் அழைத்தால் மட்டும் உள்ளே வாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் அழும் படத்தை என்னைக் கேட்காமலேயே ஒரு பத்திரிகை அச்சிட்டது. ஊரில் என் அம்மா என் புது முகத்தை முதன்முதலாகப் பார்த்தது அந்தப் படத்தில்தான். எடுப்பதற்கு ஒரு சம்மதம், வெளியிடுவதற்கு வேறொரு சம்மதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பழைய லென்ஸ்:
அக்கா சொன்னதற்குப் பிறகு தொழில்நுட்பம் சிறிய விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். வைட் ஆங்கிள் லென்ஸை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு முன்னால் வந்து முகத்தின் வடிவமே மாறிவிடும்; கூட்டத்துக்குள் முண்டியடித்து எடுக்கும் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கெடுகின்றன. 85 மி.மீ. லென்ஸுடன் நான்கடி தள்ளி நின்று, சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். எடுத்ததைத் திரையில் காட்டி, எது வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவின் ஜனேலி முஹோலி, 2014 முதல் திருநங்கையரையும் இருபாலுக்குள் அடங்காதவர்களையும் எடுத்துவரும் படவரிசையில், உடையையும் நிற்கும் விதத்தையும் அவர்களோடு கலந்தே முடிவு செய்கிறார். அவர்களைப் ‘பங்கேற்பாளர்கள்’ என்றே அழைக்கிறார். அவர்களில் அழகிப் போட்டி மேடை கண்டவர்களும் உண்டு என்பதால், மிஸ் கூவாகம் போட்டியைப் பார்த்த நமக்கு அந்தப் படங்கள் அந்நியமாகத் தோன்றா. நம் நாட்டிலும் மும்பையின் ஜோயா தாமஸ் லோபோ, மின்சார ரயிலில் காசு கேட்டுச் சேமித்த பணத்தில் கேமரா வாங்கிப் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரானவர். ஒரு கேமராவை அறையில் இருப்பவர்களிடமே கொடுத்துப் பாருங்களேன்.

மொட்டைமாடி:
நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆகவே கண்காட்சி கூவாகத்தோடு நின்றுவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கும் திருநம்பிகளுக்கும் அதில் இடமிருக்காது. என்னைப் படமெடுக்க வந்த மூவருமே முகத்தில் பாதிக்கு மீசையும் பாதிக்கு உதட்டுச்சாயமும் வரையச் சொன்னார்கள். நான் மடித்துக் கட்டிய வேட்டியும் மூக்குத்தியுமாக மாடியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர். அதை எடுக்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. படத்தின் கீழே என்ன பெயர் எழுதுவது என்பதையும் எங்களிடமே கேளுங்கள். பழைய பெயர் எவ்வளவு சிறிய எழுத்தில் இருந்தாலும் கண்ணில் குத்தும்.

நிழற்பெட்டி:
அனைவருக்கும் நன்றி. அழுகைப் படங்களை ஒதுக்கிவிடுகிறேன்.

விழுப்புரம் அக்கா:
முழுவதும் ஒதுக்க வேண்டாம், தம்பி. அந்த அழுகை எங்கள் சாமிக்கானது; அதை எங்கள் வாழ்க்கை முழுவதற்குமான படமாக மாட்டுவதுதான் தவறு. கண்காட்சி முடிந்ததும் அவரவர் படத்தை அவரவரிடமே கொடுத்துவிடுங்கள்.

நிழற்பெட்டி:
கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரட்டுமா, அக்கா?

விழுப்புரம் அக்கா:
வேண்டாம். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் நாங்கள். பெட்டியில் புடவைக்கு நடுவே வைக்கிற அளவுக்குப் போதும்.