மேடும் இறக்கமுமான பாதையில் முதல் அரை மாரத்தான்: வேகம், பயிற்சி, இறக்கம்

விடியல்ஓட்டம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இன்னும் 12 வாரத்தில் முதல் அரை மாரத்தான் (21.1 கி.மீ.). தொடங்கும் இடத்திலேயே முடியும் பாதை, மொத்த ஏற்றம் 340 மீட்டர். உயர வரைபடத்தைப் பிரித்துப் பார்த்ததில் 7 முதல் 10 கி.மீ. வரை ஒரே நீள ஏற்றம், சராசரி 4.5 சதவீதம். 15வது கி.மீ. தாண்டியதும் 800 மீட்டருக்கு 8 சதவீதச் செங்குத்து. கடைசி 3.5 கி.மீ. முழுக்க 4 சதவீத இறக்கம். மற்ற இடமெல்லாம் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்.

இப்போது வாரம் 30 கி.மீ. வரை ஓடுகிறேன், நீண்ட ஓட்டம் 12 கி.மீ. சமதளத்தில் 10 கி.மீ. 62 நிமிடம். வீட்டுப் பக்கம் மேடு கிடையாது, ஒரு மேம்பாலமும் ஜிம்மில் ட்ரெட்மில்லும்தான்.

எந்த நேரத்தை இலக்காக வைக்கலாம்? ஏற்றத்தில் வேகத்தை எப்படி அளப்பது? 8 சதவீத மேட்டில் நடந்துவிடலாமா? மேடில்லாத ஊரில் இதற்கு எப்படித் தயாராவது?

---

நிதானவேகம்:

வாழ்த்துகள். முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

10 கி.மீ. நேரத்திலிருந்து அரை மாரத்தானைக் கணிக்க பீட்டர் ரீகலின் சூத்திரம் போதும். இரண்டு தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, ஓடிய நேரத்தோடு பெருக்க வேண்டும். உங்கள் 62 நிமிடத்துக்கு 2 மணி 17 நிமிடம் வருகிறது. ஆனால் அது சமதளத்துக்கான கணக்கு, நீண்ட தூரம் பழகிய காலுக்கான கணக்கு. வாரம் 30 கி.மீ. ஓடுபவர் அதோடு மூன்று, நான்கு நிமிடம் கூட்டிக்கொள்வதுதான் நியாயம்.

அடுத்து மேடு. உங்கள் வேகத்தில் ஓடுபவருக்கு 1 சதவீத ஏற்றம் கிலோமீட்டருக்குச் சுமார் 12 வினாடியை விழுங்கும். அதே சரிவில் இறங்கினால் திரும்பக் கிடைப்பது பாதிதான், ஏறக்குறைய 6 வினாடி. இறங்கும்போது உடலைத் தாங்கவும் வேகத்தை அடக்கவும் கால் உழைத்துக்கொண்டே இருப்பதால் மீதி பாதி கைக்கு வருவதில்லை. ஒரு கிலோமீட்டருக்கு 1 சதவீதம் என்றால் 10 மீட்டர் உயரம். ஆக 340 மீட்டருக்கு 34 × 12 = 408 வினாடி போகிறது, 204 வினாடி வருகிறது. நிகர இழப்பு மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாம் சேர்த்தால் 2:24 பக்கம் நிற்கிறது. இது தோராயம்தான். வெயில், எதிர்க்காற்று, வளைவுகள் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. 2:20 முதல் 2:30 வரை என்று ஒரு பரப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே பாதையில் பிரித்தால், சமதளத்தில் கி.மீ.க்கு 6:40, 4.5 சதவீத ஏற்றத்தில் 7:35, 8 சதவீதத்தில் 8:15, கடைசி இறக்கத்தில் 6:15. இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. 7வது கி.மீ. ஏற்றத்தில் கடிகாரம் 7:35 காட்டினால் பதறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மேட்டிலும் 6:40ஐ விடாமல் பிடித்தவர்கள்தான் 15வது கி.மீ.யில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஏற்றத்தில் அளவுகோல் மூச்சு. நான்கைந்து சொல் சேர்ந்த ஒரு வாக்கியத்தை உடையாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லோடு நின்றால் வேகம் அதிகம். இதயத்துடிப்பு மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மேடு தொடங்கி ஒரு நிமிடம் போன பிறகுதான் துடிப்பு உண்மையான உழைப்பைக் காட்டும், அதற்குள் கைமீறிப் போயிருக்கும். ஜிபிஎஸ் கடிகாரம் அந்தந்த நொடிக்குக் காட்டும் வேகமும் மரநிழலிலும் வளைவிலும் தாறுமாறாகக் குதிக்கும். மேட்டின் அடியில் கடிகாரத்தின் லேப் பொத்தானை அழுத்தி, அங்கிருந்து புதிதாகக் கணக்கிடும் லேப் சராசரி வேகத்தை மட்டும் பாருங்கள்.

உச்சியைத் தொட்டதும் பலரும் உடனே பாய்வார்கள். அங்கே ஒரு 30 வினாடி மூச்சு அடங்கவிட்டு, பிறகு வேகம் கூட்டுங்கள். 8 சதவீத மேட்டைப் பற்றி என் கருத்து: தயங்காமல் நடங்கள்.

---

கெண்டைக்கால்:

நிதானவேகம் சொன்ன கணக்கு சரி. ஆனா எல்லாரும் ஏற்றத்துக்கே தயாராகுறாங்க, இறக்கத்தை மறந்துடுறாங்க. இந்தப் பாதையில உங்களைச் சோதிக்கப் போறது கடைசி 3.5 கி.மீ. இறக்கம்தான்.

காரணம் இதுதான். மேடு ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்யுது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகிட்டே உடல் எடையைத் தாங்கணும், ஒவ்வொரு அடிக்கும் பிரேக் பிடிக்கிற மாதிரி. தசை நார்ல நுண்ணிய சேதம் ஆகுறது இந்த வேலையிலதான். மூச்சு ஒண்ணும் வாங்காது, அதனால சேதம் ஆகுறதே தெரியாது. 10வது கி.மீ. உச்சியிலிருந்து கண்மண் தெரியாம இறங்கினவங்களுக்கு 17வது கி.மீ.யில தொடை கல்லாட்டம் இறுகிப்போகும். அப்புறம் அந்தக் கடைசி இறக்கத்துல கிடைக்க வேண்டிய வேகம் கிடைக்காது, வலிதான் கிடைக்கும்.

நல்ல செய்தி என்னன்னா, ஒரு தடவை இறக்கத்துல ஓடி வலிச்ச தசை அடுத்த தடவை அவ்வளவு வலிக்காது. அந்தப் பாதுகாப்பு சில வாரம் வரைக்கும் நிக்கும். அதனால முன்கூட்டியே, கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணும்.

முதல் 4 வாரம்: வாரத்துல ஒரு நாள் ட்ரெட்மில்ல 5 சதவீதம் வச்சு 60 வினாடி ஏற்றம், 90 வினாடி சமதளத்துல மெதுவா. 6 தடவையில தொடங்கி 8க்குப் போங்க. 5 முதல் 9 வாரம் வரை அதையே 3 நிமிடம் × 5 ஆக்கி, சரிவை 4.5க்குக் கொண்டுவாங்க. பந்தயத்துல வரப்போற நீள ஏற்றத்துக்கு இதுதான் ஒத்திகை. முன்பக்கக் கைப்பிடியைப் பிடிச்சுட்டு ஓடினா மேடே இல்லாத மாதிரி, பிடிக்காதீங்க.

பெரும்பாலான ட்ரெட்மில்ல இறக்கம் கிடைக்காது. அதுக்கு உங்க மேம்பாலம் போதும், வண்டி இல்லாத அதிகாலையில, நடைபாதை இருந்தா மட்டும். ஏறும்போது சாதாரணமா ஏறுங்க, இறங்கும்போது 100 முதல் 150 மீட்டர் கவனமா ஓடுங்க. 4 தடவையில தொடங்கி 8 வரை. காலடி சின்னதா, நிமிடத்துக்கு வழக்கத்தைவிட 5 முதல் 10 அடி கூடுதலா. பாதம் உடம்புக்கு நேர் கீழே விழணும். குதிகாலை முன்னாடி நீட்டி ஊன்றினா அதுதான் பிரேக். சத்தத்தைக் கேளுங்க: 'டப் டப்'னு அறையுற சத்தம் வந்தா காலடி நீளமாயிடுச்சு. பின்பக்கமா சாயாதீங்க, கை ரெண்டும் கொஞ்சம் அகலமா இருக்கட்டும்.

பாலம் சரிப்படலைன்னா படி இறக்கப் பயிற்சி. 20 செ.மீ. உயரப் படியில ஒத்தைக் கால்ல நின்னு, மறு காலோட குதிகால் தரையைத் தொடுற வரைக்கும் 3 வினாடி எடுத்து இறங்கணும். ஒரு காலுக்கு 10, மூணு சுற்று, வாரம் ரெண்டு நாள். கூடவே குதிகால் உயர்த்தல், முழங்கால் நேரா வச்சு 15, மடக்கி வச்சு 15. மேட்டுல அதிகம் வாங்குறது கெண்டைக்கால்தான்.

நீண்ட ஓட்டத்தை வாரம் ஒன்று ஒன்றரை கி.மீ.யா கூட்டி 18 வரை கொண்டுபோங்க, நாலு வாரத்துக்கு ஒரு முறை குறைச்சுக்கோங்க. அந்த 18 பந்தயத்துக்கு மூணு வாரம் முன்னாடி முடிஞ்சிருக்கணும். கடைசி கடுமையான இறக்கப் பயிற்சி 12 முதல் 14 நாள் முன்னாடி. அதுக்கப்புறம் தூரத்தைப் பாதியாக்குங்க, ஆனா வாரம் ஒரு சின்ன வேக ஓட்டத்தை விட்டுடாதீங்க.

---

விடியல்ஓட்டம்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். மேம்பாலத்தில் இறங்கும்போது வலது முழங்காலின் வெளிப்பக்கம் லேசாகப் பிடிக்கிறது, சமதளத்தில் இல்லை. இதோடு இறக்கப் பயிற்சி செய்யலாமா? ஓட்டத்தின் நடுவே சக்திக்காக விழுங்கும் ஜெல்லை எப்போது எடுப்பது என்பதையும் சொன்னால் உதவும்.

---

கெண்டைக்கால்:

வெளிப்பக்கம், இறக்கத்துல மட்டும், அதுவும் ஏறத்தாழ ஒரே தூரத்துல வருதுன்னா, இடுப்புலேர்ந்து முழங்கால் வரை தொடையின் வெளிப்பக்கமா ஓடுற பட்டைத் தசைநார் உறுத்துறதா இருக்கலாம். முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும்போதுதான் அது அழுந்தும், மெதுவா பிரேக் பிடிச்சு இறங்குறப்போ கால் அந்தக் கோணத்துலயே ரொம்ப நேரம் நிக்குது. ரெண்டு வாரம் இறக்கத்தை நிறுத்திட்டு சமதளத்துல ஓடுங்க. பக்கவாட்டுல படுத்து மேல்காலை உயர்த்துற பயிற்சி 15 × 3, ஒரு நாள் விட்டு ஒரு நாள். படி இறக்கத்துல முழங்கால் உள்பக்கமா சரியுதான்னு கண்ணாடியில பாருங்க, சரிஞ்சா படியோட உயரத்தை 10 செ.மீ. ஆக்குங்க. ரோட்டோரச் சாய்வுல எப்பவும் ஒரே பக்கமா ஓடுறதும் ஒரு காரணம்.

வலியால நடை மாறுதுன்னா அன்னிக்கு ஓட்டம் அவ்வளவுதான். ரெண்டு வாரத்துல அடங்கலைன்னா பிசியோவைப் பாருங்க. 12 வாரம் இருக்கு, இப்பவே பார்க்குறது நல்லது.

---

இரட்டைமுடிச்சு:

8 சதவீத மேட்டை முழுக்க நடப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 800 மீட்டரை 8:15 வேகத்தில் ஓடினால் 6 நிமிடம் 36 வினாடி. வேக நடையில் கி.மீ.க்கு 11 நிமிடம் என்று வைத்தால் 8 நிமிடம் 48 வினாடி. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகிறது. முழுக்க ஓடினால் மிச்சமிருக்கும் கால் போய்விடும், அதுவும் உண்மை. 40 அடி ஓட்டம், 40 அடி நடை என்று முதல் அடியிலிருந்தே மாற்றி மாற்றிப் போங்கள். இழப்பு ஒரு நிமிடத்தில் நிற்கும், மூச்சும் கைக்குள் இருக்கும். முடியாமல் போன பிறகு நடப்பது வேறு, திட்டமிட்டு நடப்பது வேறு. முன்னால் கூட்டம் இருந்தால் ஓரமாக ஒதுங்கி நடக்கத் தொடங்குங்கள்.

ஜெல்: ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். இந்த நேரத்துக்கு மணிக்கு 30 கிராமாவது வேண்டும், ஆக மூன்று. ஏறிக்கொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள், மூச்சிரைப்பில் விழுங்கவும் முடியாது, வயிறும் ஏற்காது. முதலாவது 6வது கி.மீ.யில், அதாவது 40வது நிமிடம் வாக்கில், நீள ஏற்றத்துக்கு முன். இரண்டாவது 11.5ல். மூன்றாவது செங்குத்து மேடு முடிந்து 16ல். அதையும் தாண்டி இறக்கத்தில் எடுத்தால் வயிறு குலுங்கிக் குமட்டும். ஒவ்வொன்றோடும் சில மடக்குத் தண்ணீர். மற்றபடி தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் கட்டாயமாகக் குடித்து வயிற்றை நிரப்புவது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைக்கலாம். பந்தயத்தில் எடுக்கப்போகும் அதே ஜெல்லை நீண்ட ஓட்டத்தில் மூன்று முறையாவது சோதித்துவிடுங்கள்.

ஷூவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி நகம் இடிக்கும், நகம் கருத்துப்போவது அதனால்தான். விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் இடையில் ஒரு கட்டைவிரல் அகலம் வேண்டும். கணுக்கால் பக்கம் கடைசியாக ஒரு கூடுதல் துளை இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை வெளியிலிருந்து அதே பக்கத் துளையில் விட்டு இரு பக்கமும் சின்ன வளையம் ஆக்குங்கள். ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து, பிறகு வழக்கம்போல் இரட்டை முடிச்சு. குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும். பாதத்தின் மேல்பகுதியில் மட்டும் இறுக்கம் வேண்டாம், மரத்துப்போகும். நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

பந்தயம் முடிந்ததும் வலி உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் நாள். படி இறங்குவதுதான் அப்போது சிரமம். அழுத்தமான மசாஜ் வேண்டாம், 20, 30 நிமிட மெதுநடை போதும். ஒரு வாரம் கழித்து மெதுவோட்டம், இறக்கம் அதற்கும் ஒரு வாரம் கழித்து.