மூன்று மானிட்டர், மூன்று விதமான ரெஸ்பான்ஸ் டைம்: எதை நம்பி வாங்குவது?

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது 75 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 75 ஃபிரேம், அதாவது 75 படம்) விஏ பேனல், எல்சிடி திரையில் ஒரு வகை. கறுப்புப் பின்னணியில் இருக்கும் எழுத்துகளை வேகமாக ஸ்க்ரோல் செய்தால், ஈர மையை விரலால் இழுத்த மாதிரி பின்னால் ஒரு கறை வருகிறது. கேமில் இருட்டான இடங்களில் இன்னும் மோசம். வெள்ளைப் பின்னணியில் அவ்வளவாகத் தெரியவில்லை. இதன் பெட்டியிலும் ரெஸ்பான்ஸ் டைம், அதாவது பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம், 1 எம்எஸ் (மில்லி விநாடி) என்றுதான் போட்டிருந்தது. புதிதாக வாங்கப் பார்த்தால் ஒன்றில் "1 எம்எஸ் எம்பிஆர்டி", ஒன்றில் "1 எம்எஸ் ஜிடிஜி", மற்றதில் வெறும் 4 எம்எஸ். எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1:
அந்த மூன்றையும் நேரடியாக ஒப்பிடவே முடியாது. ஜிடிஜி என்பது பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரம். வழக்கமாக 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரைதான் அளப்பார்கள், கடைசிப் பகுதி கணக்கில் வராது. எம்பிஆர்டி, நகரும் படம் கண்ணுக்கு எவ்வளவு கலங்கித் தெரிகிறது என்பதன் அளவு. சாதாரண எல்சிடியில் அதை 1 எம்எஸ்ஸுக்குக் கொண்டுவர பேக்லைட்டை (திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கை) விட்டுவிட்டு எரியவைப்பார்கள். வெளிச்சம் குறையும், சிலருக்குக் கண் வலிக்கும்.

பதில் 2:
உங்கள் கறை விஏ பேனலின் பழைய வியாதி. கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறும்போது திரவப் படிகத்தைத் தள்ளும் மின்னழுத்தம் மிகக் குறைவு, அதனால் மெதுவாகத்தான் திரும்பும். 75 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 13.3 மில்லி விநாடிதான். அதற்குள் மாறி முடியாத பிக்சல் அடுத்த ஃபிரேமிலும் இழுபடும், அதுதான் கறை.

புதிதாக வாங்கும் முன் உங்கள் மானிட்டரின் மெனுவில் ஓவர்டிரைவ் (பிக்சலை வேகமாக மாறத் தள்ளும் அமைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது முக்கியம், பேனல் குளிர்ந்திருந்தால் இன்னும் மெதுவாகும்.

கேட்டவர்:
பார்த்தேன். நடு நிலையில் கறை கொஞ்சம் குறைந்தது. உச்சத்தில் வைத்தால் எழுத்தைச் சுற்றி வெளிறிய நிழல் வருகிறது, அது இன்னும் உறுத்துகிறது.

பதில் 2:
அது ஓவர்ஷூட். பிக்சலை அளவுக்கு மீறித் தள்ளியதால் போக வேண்டிய நிறத்தைத் தாண்டிவிட்டுத் திரும்பி வருகிறது. பல மானிட்டர்களில் பெட்டியில் போடும் 1 எம்எஸ் இந்த உச்ச நிலையில் எடுத்ததுதான், யாரும் அதில் வைத்துப் பயன்படுத்த மாட்டார்கள்.

அதனால் விமர்சனங்களில் சராசரி ரெஸ்பான்ஸ் டைமை விட்டுவிடுங்கள். எல்லா நிற மாற்றங்களையும் கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணையில், கறுப்பிலிருந்து தொடங்கும் வரிசையைப் பாருங்கள். அதிலுள்ள மிக மெதுவான எண் ஒரு ஃபிரேமுக்குள் அடங்குகிறதா? 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9 மில்லி விநாடி. அதே ஓவர்டிரைவ் நிலையில் ஓவர்ஷூட் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அந்த 4 எம்எஸ் மானிட்டரை நான் தயங்காமல் எடுப்பேன்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். பிக்சல் உடனுக்குடன் மாறினாலும் 60 ஹெர்ட்ஸில் கலங்கல் இருக்கும். விநாடிக்கு 960 பிக்சல் நகரும் பொருளைக் கண் தொடரும்போது 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும், 120 ஹெர்ட்ஸில் 8. பிக்சல் கிட்டத்தட்ட உடனே மாறும் ஓஎல்இடி திரைக்கும் இதே கணக்குதான். இன்புட் லேக் (மவுஸை அசைத்தது திரையில் தெரிய ஆகும் தாமதம்) வேறு விஷயம், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேட்டவர்:
அந்த 4 எம்எஸ் மானிட்டருக்கு (ஐபிஎஸ் பேனல், எல்சிடியில் இன்னொரு வகை) அட்டவணை கிடைத்தது. நடு ஓவர்டிரைவில் கறுப்பு வரிசையின் மோசமான எண் 6.2, ஓவர்ஷூட் மிகக் குறைவு. 144 ஹெர்ட்ஸ். இதையே வாங்குகிறேன், நன்றி.