புதுப்பிப்பு: காப்ரி தென்கரையில் நங்கூரம் நிற்காத சிக்கல் தீர்ந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இத்தாலியின் சொரென்டோவில் எடுத்த, லைசென்ஸ் தேவைப்படாத 40 குதிரைத்திறன் வாடகைப் படகில் காப்ரித் தீவைச் சுற்றும்போது நங்கூரம் ஏன் இழுபட்டுக்கொண்டே போகிறது என்று கேட்டிருந்தேன்.

கயிறு போதவில்லை என்று சொன்னவர் சொன்னதுதான் சரி. ஆழம் 8 மீட்டர், படகின் முன்பக்கம் நீருக்கு மேல் 1 மீட்டர். ஆக 9 மீட்டர். அதைப்போல் 5 மடங்கு, 45 மீட்டர் விட வேண்டும். குறைந்தால் கயிறு மேல்நோக்கி இழுத்து நங்கூரத்தைப் பெயர்த்துவிடும். வாடகைப் படகில் அவ்வளவு கயிறு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

வெளிர்நீலமாகத் தெரியும் மணல் திட்டில் மட்டும் போடுங்கள். கருமையாகத் தெரிவது பெரும்பாலும் பொசிடோனியா கடற்புல். அதில் நங்கூரம் சரியாகப் பதியாது. மிக மெதுவாக வளரும் அந்தப் புல்லும் பிய்ந்துபோகும், தயவுசெய்து தவிர்க்கவும். போட்டதும் ரிவர்ஸில் மெல்ல இழுத்து, கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களைக் கவனியுங்கள். அவை விலகினால் நங்கூரம் நகர்கிறது.

எதிர்பாராதது காப்ரியின் வடமேற்கில் உள்ள நீலக் குகை என்ற கடற்குகைதான். தெற்கே கடல் அமைதியாக இருந்தும், வடமேற்கு முனையில் அலை அடித்ததால் அது மூடியிருந்தது. வாய் சுமார் 1 மீட்டர் உயரமே. திறந்திருந்தாலும் நம் படகில் நுழைய முடியாது; அங்குள்ள துடுப்புப் படகுக்கு மாற வேண்டும்.