துருசு என்று வைத்தால் என்ன?

வணக்கம்.

ஒன்டோலொஜி, அதாவது ஒரு துறையின் பொருள்களையும் உறவுகளையும் கணினிக்கு விளங்கும்படி எழுதிவைப்பது, அதன் உள்சிக்கல் செயலியைத் தொடாமல் இடையில் நிற்கும் அடுக்குக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோமே, அதற்குப் போன மடல்களில் வந்த "உள்மறைப்பு", "சிக்கல் மறைப்பு" இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. மறைப்பு என்றாலே எங்கள் பக்கத்தில் யாரோ எதையோ ஒளித்துவைத்த மாதிரித்தான் காதில் விழும். 1972இல் மென்பொருள் அறிஞர் டேவிட் பார்னஸ் தகவல் மறைப்பு என்று எழுதியபோதும் ஒளிப்பதைச் சொல்லவில்லை. மாறக்கூடிய முடிவை மென்பொருளின் ஒரு கூறுக்குள்ளேயே வைத்திருங்கள், அது மாறும்போது மற்றதைத் தொடவேண்டி வராது என்றுதான் சொன்னார்.

ஒன்டோலொஜிக்கும் அதேதான். நெல்லினங்களுக்கு ஒன்று செய்கிறோம் என்று வையுங்கள். உள்ளே வகுப்புகள், உறவுகள், கட்டுப்பாடுகள், அவற்றிலிருந்து புதிய முடிவு எடுக்கும் அனுமானி. கமக்காரர் கேட்பதோ "சிறுபோகத்துக்கு மூன்று மாத நெல் எது?" அவ்வளவுதான். செயலி அதை நேரே ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் எழுதிவிட்டால், நாளைக்கு "வயது" என்ற பண்பை விதைத்ததிலிருந்தா, நட்டதிலிருந்தா என்று நாம் இரண்டாகப் பிரித்ததும் செயலி விழும். விழுந்தாலும் பரவாயில்லை, விழாமல் வெற்றுப் பட்டியலைக் காட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் மோசம். இடையில் மாறாத நாலைந்து கேள்விகள் மட்டும் உள்ள ஓர் அடுக்கு இருந்தால் அங்கே மட்டும் திருத்தலாம். ஒன்டோலொஜி எழுதும் மொழியான ஓ.டபிள்யூ.எல். 2இன் மூன்று துணைமொழிகளில் எதை எடுத்தோம் என்பதுகூடச் செயலிக்குத் தெரியத் தேவையில்லை.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குக் கனகராயன் ஆறு எவ்வளவு கொண்டுவந்தது என்று கணக்குப் பார்த்தா வயல்காரர் தண்ணீர் கட்டுகிறார்? குளத்துத் தண்ணீரை வெளியே விடும் கதவான துருசு திறந்தால் வாய்க்காலில் வரும். ஆகவே அந்த அடுக்கு "துருசடுக்கு". தமிழ்நாட்டு நண்பர்கள் மதகு என்பார்கள், ஆனால் எங்களுக்கு மதகு றோட்டுக்குக் கீழே இருப்பது!

—

அண்ணை, சொல் நல்லது. ஆனால் "ஏன் இந்த நெல்லைச் சொன்னாய்?" என்று கமக்காரர் திருப்பிக் கேட்டால்? துருசு தண்ணீர் விடும், காரணம் சொல்லாது. அனுமானி எந்த விதியைப் பிடித்து வந்தது என்று காட்டவும் வழி வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வேண்டாம் என்ற ஒளிப்புத்தான் மிஞ்சும்.

—

சரி தம்பி, அது நான் யோசிக்காதது. குளத்தில் அடிக்கணக்குக் காட்டும் அளவுகோல் நிற்கிறதே, "இன்றைக்கு எத்தனை அடி?" என்று யாரும் போய்ப் பார்க்கலாம். அப்படி ஒன்று துருசுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அதற்குப் பெயர் வைப்பது உங்கள் பொறுப்பு. துருசடுக்கை நான் சொற்பட்டியலில் போடுகிறேன், மறுப்பு இருந்தால் விதைப்புக்கு முன் எழுதுங்கள், பிறகு நான் வயலில் நிற்பேன்.